இங்கிலாந்தின் பழைய நகரத்தில் வீட்டு மனையா? கட்டுவதற்கு முன் தொல்லியல் சோதனை அகழ்வை முடிப்பது எப்படி

இங்கிலாந்தில் ஒரு பழைய நகரத்தின் நடுப்பகுதியில் இருக்கும் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவோ, கொல்லைப்புறத்தில் இன்னொரு வீடு எழுப்பவோ நினைக்கிறீர்களா? கவுன்சில் தரும் பிளானிங் அனுமதிக் கடிதத்தில் தொல்லியல் என்று ஒரு நிபந்தனை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கட்டும் முன் சில குழிகள் தோண்டி, மண்ணுக்குள் பழங்கால எச்சம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யச் சொல்வார்கள்; சோதனை அகழ்வு என்பது அதுதான். எங்கள் கடிதத்திலும் இருந்தது. அந்த நிபந்தனையைப் புரிந்துகொண்டு, ஆள் பிடித்து, குழி தோண்டி, அறிக்கை வாங்கி, கடைசிக் கடிதம் கைக்கு வரும்வரை நாங்கள் பட்ட பாட்டில் பாதி தேவையே இல்லாதது. எது எதற்கு முன்னால் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வரிசையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வரிசை தவறினால் போவது பணம். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அஸ்திவாரத்தை வரைபவருக்குச் செலவு ஒரு மடங்கு என்றால், வரைந்து முடித்து, காண்ட்ராக்டரிடம் தேதியும் குறித்துவிட்டு, அதற்கப்புறம் மண்ணைப் பார்ப்பவருக்கு அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கீழே உள்ளதில் எதை மறந்தாலும் பரவாயில்லை, தோண்டிப் பார்ப்பதை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டம் வேறு.

1. வாங்கும் முன்பே மனை எந்த வகை என்று பாருங்கள்

வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். அவர் எடுக்கும் வழக்கமான தேடல் அறிக்கை ‘இந்த மனையில் கவுன்சில் அகழ்வு கேட்குமா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. நீங்கள்தான் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மனையோ அதன் ஒரு மூலையோ ‘ஷெட்யூல்டு மான்யுமென்ட்’ எனப்படும் பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் வருகிறதா. பழைய சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் இணைய வரைபடத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பழைய நகர மதிலின் அடிப்பகுதி பின்தோட்டத்தின் ஓரத்தில் ஓடுவது கோட்டை நகரங்களில் சாதாரணம். உள்ளே வந்தால் பிளானிங் அனுமதியோடு இன்னொரு தனி ஒப்புதலும் வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அதை வாங்காமல் மண்ணைத் தொடுவது குற்றம். அபராதக் கடிதத்தோடு முடிகிற விஷயம் அல்ல.

இரண்டாவது, யார்க், செஸ்டர், கேன்டர்பரி, எக்ஸிடர், ஹெரிஃபோர்டு ஆகிய ஐந்து நகரங்களின் மையப்பகுதி. 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி இவை தொல்லியல் முக்கியத்துவப் பகுதிகள். இங்கே மண்ணைக் கிளறும் வேலைக்கு 6 வாரம் முன்பே ‘ஆப்பரேஷன்ஸ் நோட்டீஸ்’ எனப்படும் வேலை அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு ஆய்வுப் பொறுப்பில் உள்ளவர்கள் தாங்களே அகழப்போவதாகச் சொன்னால், அந்த 6 வாரம் முடிந்து இன்னும் 4 மாதம் 2 வாரம் வரை அவர்களுக்கு அவகாசம் உண்டு. இது பிளானிங் அனுமதியிலிருந்து தனியான கணக்கு. ‘அனுமதிதான் கிடைத்துவிட்டதே’ என்று ஆரம்பிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மூன்றாவது, பெரும்பாலான மனைகள் விழும் வகை: பாதுகாக்கப்பட்ட சின்னம் இல்லை, ஆனால் அடியில் ஏதாவது இருக்க வாய்ப்புள்ள இடம். இதற்கு உள்ளூர் ‘ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ரெக்கார்ட்’, சுருக்கமாக ஹெர் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் இதுவரை எங்கே தோண்டினார்கள், என்ன கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பல கவுன்சில்களின் பதிவுகளை ‘ஹெரிட்டேஜ் கேட்வே’ தளத்தில் சும்மா தேடிப் பார்க்கலாம். லண்டன் என்றால் உங்கள் பரோவின் (லண்டனில் கவுன்சில் பகுதிக்கு அதுதான் பெயர்) ‘ஆர்க்கியாலஜிக்கல் பிரையாரிட்டி ஏரியா’, அதாவது தொல்லியல் முன்னுரிமைப் பகுதி வரைபடத்தையும் பாருங்கள். அதில் உங்கள் தெரு இருந்தால், அகழ்வு கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டே மனைக்கு விலை பேசுங்கள்.

2. ஆர்க்கிடெக்ட்டுக்கு முன்னால் கவுன்சிலின் தொல்லியல் ஆலோசகர்

ஒவ்வொரு கவுன்சிலுக்கும் தொல்லியல் ஆலோசனை சொல்ல ஒருவர் இருப்பார். சில ஊர்களில் நகரத்துக்கே ஒருவர், பல இடங்களில் கவுன்டி முழுவதற்கும் ஒருவர். லண்டனின் பெரும்பகுதிக்கு ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் கீழ் உள்ள ஒரு குழு. நிபந்தனை போடச் சொல்வதும், போதும் என்று சொல்வதும் இவர்தான். பிளானிங் அதிகாரி கையெழுத்துப் போடுவார், ஆனால் பெரும்பாலும் இவர் சொல்வதைக் கேட்டுத்தான்.

வரைபடம் எல்லாம் முடிந்த பிறகு இவரிடம் போவதுதான் வழக்கம். அதை மாற்றிவிடுங்கள். கையால் வரைந்த ஒரு வரைபடம் இருந்தால்கூடப் போதும். கட்டடம் எங்கே வருகிறது, அஸ்திவாரம் ஏறக்குறைய எவ்வளவு ஆழம், பேஸ்மென்ட் உண்டா, புதிய சாக்கடைக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று நான்கு வரி எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். கூடவே மூன்று கேள்வி கேளுங்கள்: விண்ணப்பத்தோடே அகழ்வு முடிவைக் கேட்பீர்களா, அல்லது அனுமதிக்குப் பின் நிபந்தனையாக வைப்பீர்களா? மேசை ஆய்வு (தோண்டாமல் பதிவேடுகளையும் வரைபடங்களையும் பார்த்து எழுதுவது) மட்டும் போதுமா, குழி தோண்ட வேண்டுமா? தோண்ட வேண்டுமென்றால் எத்தனை குழி?

சில கவுன்சில்கள் இந்த முன்னாலோசனைக்குக் கட்டணம் வாங்கும். கொடுங்கள். இந்த வேலை முழுவதிலும் நீங்கள் செலவழிக்கும் பணத்தில் அதிகப் பலன் தருவது இதுதான். பதிலை எப்போதும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் பேசினாலும், ‘நாம் பேசியது இது’ என்று ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள். நடுவில் அதிகாரி மாறினால் அந்த ஒரு பக்கம்தான் உங்களுக்குத் துணை.

‘நிபந்தனையாகப் பிறகு வைத்துக்கொள்ளலாம்’ என்று அவர்கள் சொன்னாலும், முடிந்தால் அனுமதிக்கு முன்பே சோதனை அகழ்வைச் செய்துவிடுவது நல்லது. அனுமதி கிடைக்காமல் போனால் அந்தப் பணம் வீண்தான், மறுக்கவில்லை. ஆனால் அனுமதி கையில் இருக்க, வரைபடம் முடிந்திருக்க, மண்ணுக்குள் ஒரு கல் சுவர் தலைகாட்டினால் ஏற்படும் நஷ்டம் அதைவிடப் பெரிது.

3. வீட்டின் பழைய காகிதங்களைத் திரட்டுங்கள்

இந்தப் படியில் செலவு குறைவு, மிச்சம் அதிகம். ஏற்கெனவே ஆழமாகத் தோண்டிப் பாழான இடத்தில் யாரும் மறுபடி குழி கேட்க மாட்டார்கள். பழைய நிலவறை, பெட்ரோல் தொட்டி, ஆழமான சாக்கடை, பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் அஸ்திவாரம் எல்லாமே உங்கள் வேலையைக் குறைக்கும் சாட்சிகள். ‘கீழே ஒரு நிலவறை இருந்ததாம்’ என்று வாயால் சொன்னால் எடுபடாது, காகிதம் வேண்டும். திரட்ட வேண்டியவை:

- மனையின் இப்போதைய அளவு வரைபடம், தரைமட்ட உயரங்களோடு
- முந்தைய உரிமையாளர்கள் பில்டிங் கன்ட்ரோலுக்கு (கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பிரிவு) கொடுத்த படங்கள், கிடைத்தவரை
- தண்ணீர், எரிவாயு, மின்சாரம், சாக்கடைக் குழாய் வரைபடங்கள்
- பழைய ஆர்டனன்ஸ் சர்வே (அரசு நில அளவை அமைப்பு) வரைபடங்கள்
- நிலவறை இருந்தால் அதன் புகைப்படம், ஆழம், சுவரிலிருந்து சுவருக்கான அளவு
- புதிய கட்டடத்தின் அஸ்திவார யோசனை, ஒரு வரியானாலும்

பழைய வரைபடங்களுக்குக் காசு கொடுக்கும் முன் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தைப் பாருங்கள். பெயர்தான் ஸ்காட்லாந்து, இங்கிலாந்தின் 19-ஆம் நூற்றாண்டு வரைபடங்களும் அங்கே இலவசம். பழைய வரைபடத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. உங்கள் கொல்லையில் முன்பு ஒரு தோல் பதனிடும் கூடமோ வரிசைக் குடிசைகளோ இருந்தது அங்கேதான் தெரியவரும்.

கவுன்சில் ‘டெஸ்க் பேஸ்டு அசெஸ்மென்ட்’ எனப்படும் மேசை ஆய்வைக் கேட்டால், இதே காகிதங்களைத் தொல்லியல் நிறுவனத்திடம் கொடுங்கள். அவர்கள் ஹெர் பதிவேட்டில் முறைப்படி தேடுவார்கள். தொழில் நிமித்தம் செய்யும் தேடலுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு, அது உங்கள் பில்லில் வரும். நீங்களே தேடி அச்செடுத்துக் கொடுத்தது மேசை ஆய்வாகாது.

4. தொல்லியல் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும் விலை கேட்பதும்

அகழ்வுச் செலவு முழுவதும் உங்களுடையது. கவுன்சிலோ அரசோ பங்கு போடாது. இதைக் கேட்டதும் கோபம் வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயம் என்றே படுகிறது. அந்த மண்ணடுக்கைக் கலைக்கப் போவது நாம்தான், கலைத்த பிறகு யாராலும் திரும்ப அடுக்க முடியாது. கலைப்பவரே பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் இங்குள்ள விதி.

‘சார்ட்டர்டு இன்ஸ்டிட்யூட் ஃபார் ஆர்க்கியாலஜிஸ்ட்ஸ்’ என்ற தொழில்முறை அமைப்பு, தன்னிடம் பதிவு செய்த நிறுவனங்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் உங்கள் வட்டாரத்தில் வேலை செய்யும் இரண்டு மூன்று நிறுவனங்களை எடுத்து, எல்லோருக்கும் ஒரே குறிப்பை அனுப்புங்கள். குறிப்பு ஒன்றாக இல்லாவிட்டால் விலைகளை ஒப்பிடவே முடியாது. அதே நகரத்தில் முன்பு வேலை செய்தவர்களுக்கு ஒரு கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். எந்தத் தெருவில் எந்த ஆழத்தில் கன்னி மண், அதாவது மனிதர் கை படாத மண், வரும் என்று அவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும்.

விலையைப் படிப்பதில்தான் சூட்சுமம். தோண்டும் நாட்கள் செலவில் ஒரு பங்குதான். பானை ஓடுகளைக் கழுவி, எண்ணி, காலம் சொல்லும் நிபுணர், எலும்பைப் பார்க்கும் நிபுணர், மண் மாதிரியைச் சலித்து விதைகளைப் பிரிப்பவர், படம் வரைபவர், அறிக்கை எழுதுபவர், கடைசியில் பெட்டிகளை அருங்காட்சியகத்தில் ஒப்படைப்பது என்று பின்வேலை நீளும். எதுவுமே கிடைக்காத குழிக்கும் அறிக்கை உண்டு. நிறையக் கிடைத்துவிட்டால் பின்வேலைச் செலவு தோண்டிய செலவைத் தாண்டியும் போகலாம்.

எங்களுக்கு வந்த விலைகளில் மிகக் குறைவானது, தோண்டுவதற்கும் ஒரு சுருக்க அறிக்கைக்கும் மட்டுமானது. மண் வெட்டும் இயந்திரத்தின் வாடகை அதில் இல்லை, நிபுணர் கட்டணம் இல்லை, அருங்காட்சியகக் கட்டணம் இல்லை, வாட் வரியும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டியபோது அதுதான் மற்றவற்றை மிஞ்சியது. எனவே கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேளுங்கள்: இயந்திரமும் ஓட்டுநரும் யார் செலவு? குழியை மூடுவது சேர்ந்ததா? நிபுணர் கட்டணத்துக்கு உச்சவரம்பு என்ன? நாள் நீண்டால் ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு? குழியில் தண்ணீர் நின்றால் பம்பு யார் கொண்டுவருவது? பெட்டிக்கு இவ்வளவு என்று அருங்காட்சியகம் வாங்கும் கட்டணம் உள்ளேயா வெளியேயா? 20 சதவீத வாட் சேர்த்த தொகையா?

சோதனை அகழ்வுக்கு மட்டும் முழுத்தொகையாக ஒரு விலை, அதற்கப்புறம் வரக்கூடியவற்றுக்கு நாள் வீதம் என்று ஒப்பந்தம் போடுவது நல்லது. கையிருப்பிலும் அந்த இரண்டாவது பகுதிக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கி, கூரை ஓட்டுக்கோ சமையலறைக்கோ எடுக்காமல் வையுங்கள்.

5. எழுத்துத் திட்டம் ஒப்புதலாகும் வரை ஒரு மண்வெட்டியும் படக்கூடாது

நிறுவனம் முதலில் எழுதித் தருவது ‘ரிட்டன் ஸ்கீம் ஆஃப் இன்வெஸ்டிகேஷன்’. எல்லோரும் டபிள்யூ.எஸ்.ஐ. என்றுதான் சொல்வார்கள். எத்தனை குழி, எங்கே, எவ்வளவு நீள அகலம், எப்படித் தோண்டுவது, கிடைப்பதை என்ன செய்வது, எந்த அருங்காட்சியகத்துக்கு எதைக் கொடுப்பது எல்லாம் அதில் இருக்கும். கவுன்சிலின் தொல்லியல் ஆலோசகர் இதை ஏற்ற பிறகுதான் தோண்டலாம். ஏற்கும் முன் தோண்டிய குழியைக் கணக்கில் எடுக்க மறுக்க அவருக்கு உரிமை உண்டு.

இந்த ஆவணத்தை நீங்களும் படியுங்கள். தொழில்நுட்பமாகத் தெரிந்தாலும் குழிகளின் படத்தை மட்டுமாவது பாருங்கள். நீங்கள் வெட்டாமல் வைக்க நினைக்கும் மரத்தின் வேர்மேல் குழி போட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கலாம். இயந்திரம் வரவேண்டிய ஒரே வழியை மண்மேடு அடைத்திருக்கலாம். இந்தக் கட்டத்தில் மாற்றுவது ஒரு மின்னஞ்சல்தான்.

காலக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். சிறிய கட்டுமானத்தின் பிளானிங் விண்ணப்பத்துக்குச் சட்டப்படியான அவகாசம் 8 வாரம். அனுமதிக்குப் பிறகு நிபந்தனை நிறைவேறியதாக ஒப்புதல் கேட்பதற்கும் 8 வாரம். பல கவுன்சில்கள் தொல்லியல் நிபந்தனையை இரண்டு மூன்று பகுதிகளாக வைக்கும்: திட்டத்துக்கு ஒப்புதல், களவேலை, பிறகு அறிக்கையும் ஆவண ஒப்படைப்பும். ஒவ்வொன்றுக்கும் தனியாக விண்ணப்பித்தால் ஒவ்வொரு முறையும் கட்டணம், ஒவ்வொரு முறையும் காத்திருப்பு. கட்டணம் நிபந்தனைக்கு அல்ல, விண்ணப்பத்துக்கு. அதனால் வடிகால், செங்கல் மாதிரி போன்ற வேறு நிபந்தனைகளையும் இதோடு சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போடுங்கள்.

இன்னொரு கண்ணி. சில நிபந்தனைகளில் கவுன்சில் பதில் சொல்லாமல் இழுத்தால், ஒப்புதல் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ள வழி உண்டு. தொல்லியல் நிபந்தனைக்கு அந்த வழி கிடையாது. கடிதம் வந்தே ஆகவேண்டும்.

6. இடிப்பதற்கு முன் ஒருமுறை நின்று யோசியுங்கள்

எங்கள் பகுதியில் நான் பார்த்த மிக மோசமான தாமதம் இங்கேதான் நடந்தது. இடிப்பு வேலைக்கு வந்தவர்கள் பழைய வீட்டைத் தரையோடு இடித்ததோடு நிற்காமல், ‘சுத்தமாகக் கொடுக்கிறோம்’ என்று அஸ்திவாரக் கற்களையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருந்த அடுக்குகள் எல்லாம் அதோடு கலங்கிப்போயின. கவுன்சில் வேலையை நிறுத்தச் சொன்னது.

இடிப்பு ஒப்பந்தத்தில் இந்த வரியை எழுதுங்கள்: தரைமட்டம் வரை மட்டும் இடிக்க வேண்டும், தரையின் கான்கிரீட் பலகையையும் அஸ்திவாரத்தையும் தொடக்கூடாது, அவற்றை எடுக்கும்போது தொல்லியலாளர் உடன் இருக்க வேண்டும். மேலும், இடிப்பதே சட்டப்படி கட்டுமானத்தின் தொடக்கமாக ஆகிவிடலாம். ‘தொல்லியல் நிபந்தனை நிறைவேறும்வரை வேலை தொடங்கக்கூடாது’ என்று கடிதத்தில் இருந்தால், இடிப்பும் அதில் அடக்கமா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். நிபந்தனையை மீறித் தொடங்கிய வேலை தொடக்கமாகவே செல்லாமல் போகவும் கூடும். அனுமதிக்கு வழக்கமாக உள்ள 3 ஆண்டுக் கெடு அப்புறம் உங்களைத் துரத்தும். சொந்தமாக வீடு கட்டுபவர் என்று, புதுக் கட்டடத்துக்குக் கவுன்சில் வாங்கும் உள்கட்டமைப்பு வரியிலிருந்து விலக்கு வாங்கியிருந்தால், தொடக்க அறிவிப்பைக் கவுன்சிலுக்கு அனுப்பிய பிறகே இடியுங்கள். இல்லையென்றால் கூடுதல் கட்டணம் விழும்.

மண் பரிசோதனைக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் குழி போடச் சொல்வார் அல்லவா? அந்த நாளில் தொல்லியலாளரையும் வரச் சொல்லி, திட்டத்திலும் அதைச் சேர்த்துவிடுங்கள். ஒரே குழியில் இரண்டு பேருக்கும் பதில் கிடைக்கும். கன்னி மண் எந்த ஆழத்தில் வருகிறது என்பது இருவருக்குமே வேண்டிய விவரம். தொல்லியலாளருக்குத் தெரியாமல் போட்ட பரிசோதனைக் குழி உங்களுக்கு எதிராகவே போகும்.

இயந்திரம் உள்ளே வர வழி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒன்றரை டன் சிறிய இயந்திரம்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். பக்கவாட்டுச் சந்து அதைவிடக் குறுகல் என்றால் கையால்தான் தோண்ட வேண்டும், நாட்கள் கூடும். ஒரு வேலிப் பலகையைக் கழற்றிப் பக்கத்து வீட்டு வழியாகக் கொண்டுவர முடியுமா என்று அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மேல்மண்ணுக்கு ஒரு மேடு, அடிமண்ணுக்கு ஒரு மேடு என்று இரண்டு மேட்டுக்கு இடம் வேண்டும். ஆட்களுக்குக் கழிப்பறையும் கைகழுவத் தண்ணீரும் வேண்டும். வீட்டில் உள்ளதையே பயன்படுத்தச் சொன்னால் ஒரு வாடகை மிச்சம்.

7. தோண்டும் நாட்கள்

நகரத்து மனையில் பெரும்பாலும் ஓரிரண்டு நீளக் குழிகளோ, சில சிறிய சதுரக் குழிகளோதான். இயந்திரத்தில் மாட்டுவது பல் இல்லாத, விளிம்பு வழவழப்பான வாளி. அது மண்ணைக் கிளறாது, மெல்லிசாகச் சீவும். ஒருவர் எதிரே நின்று ஒவ்வொரு சீவலையும் பார்த்துக்கொண்டே இருப்பார். மண்ணின் நிறம் மாறியதும் கையைத் தூக்குவார், இயந்திரம் நின்றுவிடும். அதற்குமேல் கொத்தனார் கரண்டியும் தூரிகையும்தான்.

குழியின் பக்கச்சுவரைக் கரண்டியால் சீவி முடித்த பிறகு கட்டாயம் போய்ப் பாருங்கள். மேலே கான்கிரீட், அடுத்து உடைந்த செங்கலும் சுண்ணாம்பும், அதன்கீழ் தடித்த கருப்பான தோட்ட மண், அதில் ஆங்காங்கே சிப்பி ஓடும், வெள்ளைக் களிமண் புகைக்குழாயின் துண்டும். அதற்கும் கீழே ஓரிடத்தில் மட்டும் பச்சை பாய்ந்த ஈர மண் ஒரு கிண்ணம் போல வளைந்து இறங்கியிருந்தது. பழைய கழிவுக்குழி என்றார்கள். கடைசியில் மஞ்சள் களிமண், யாரும் தொடாதது. ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஒரு தாள். அந்த அடுக்கில் கிடைத்த ஓடெல்லாம் அதே எண் எழுதிய பையில். கழிவுக்குழி மண்ணை மட்டும் வாளி வாளியாக அள்ளி எண் போட்டு வைத்தார்கள். சலித்தால் அந்த வீட்டார் சாப்பிட்ட பழங்களின் விதை கிடைக்கும். நம் கொல்லையில் யாரோ வாழ்ந்திருக்கிறார்கள் என்பதைப் புத்தகத்தில் படிப்பதும் இப்படிப் பார்ப்பதும் ஒன்றல்ல. குழந்தைகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள், பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு.

செய்யக்கூடாதவை சில. நீங்களாகக் குழிக்குள் இறங்காதீர்கள்; ஆழமான குழியின் சுவர் சரியலாம். எதையும் கையில் எடுத்துப் பார்க்காதீர்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது போய்விட்டால் அந்தப் பொருளுக்கு மதிப்பில்லை. குழி திறந்திருக்கும்வரை சமூக ஊடகத்தில் படம் போடாதீர்கள். இரவில் மெட்டல் டிடெக்டரோடு வந்து கிளறுபவர்கள் உண்டு.

கவுன்சிலின் ஆலோசகர் நேரில் வந்து பார்த்து, போதும் என்று சொல்லும்வரை குழியை மூடக்கூடாது. இவர் வரும் நாளை முதலிலேயே குறித்துவிடுங்கள். இவருக்காக இயந்திரம் சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் காசு.

மூடும்போது இன்னொன்று. தோண்டிய மண்ணைத் திரும்பத் தள்ளி மேலே இயந்திரத்தால் தட்டுவார்கள், அவ்வளவுதான். அஸ்திவாரம் தாங்கும் அளவுக்கு இறுக்கித் தருவது வழக்கமாக ஒப்பந்தத்தில் இருக்காது. குழிகள் எங்கே, எவ்வளவு ஆழம் என்ற அளவை வாங்கி உங்கள் இன்ஜினியருக்கு அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் புதிய வீட்டின் ஒரு மூலை அந்த இளமண் மேல் உட்காரும்.

8. முடிவு வந்தபின்: மூன்று பாதைகள்

ஒன்றும் இல்லை என்றால் சந்தோஷம். அறிக்கையோடு முடிந்தது.

ஓரளவு இருக்கிறது என்றால் ‘வாட்சிங் பிரீஃப்’ கேட்பார்கள். அதாவது உங்கள் ஆட்கள் அஸ்திவாரம் தோண்டும்போது தொல்லியலாளர் கூட நின்று பார்ப்பார், தேவைப்பட்டால் நிறுத்திப் பதிவு செய்வார். கட்டுமான ஒப்பந்தத்தில் ‘தொல்லியல் காரணமாக நிற்கும் நேரத்துக்கு யார் பொறுப்பு’ என்று தெளிவாக எழுதாவிட்டால், நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் காண்ட்ராக்டர் பில் போடுவார்.

முக்கியமானது இருக்கிறது என்றால் இரண்டே வழி: முழு அகழாய்வு, அல்லது அதை மண்ணிலேயே விட்டுவிட்டு மேலே கட்டுவது. என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன். பேஸ்மென்ட்டை விட்டுவிடலாம், தரைமட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தலாம், சுவருக்கடியில் ஓடும் ஆழமான வரி அஸ்திவாரத்துக்குப் பதிலாக வீட்டடி முழுவதும் பரவும் கான்கிரீட் பலகை அஸ்திவாரம் போடலாம், பைல்களின் (மண்ணுக்குள் இறக்கும் தூண்கள்) எண்ணிக்கையைக் குறைத்துச் சுவர் எச்சம் இல்லாத இடமாகப் பார்த்து இறக்கலாம். யார்க் நகரின் மையத்தில், புதுக் கட்டடத்தால் கலையும் தொல்லியல் அடுக்கு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற அளவுகோலே நெடுநாளாக இருக்கிறது. அங்கே ஈர மண்ணுக்குள் மரமும் தோலும் துணியும்கூட அழுகாமல் கிடக்கின்றன. வரைபடத்தை மாற்றும் செலவையும் முழு அகழாய்வின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் விடை அதிலேயே இருக்கும். இதனால்தான் இறுதி வரைபடத்துக்கு முன்பே தோண்டச் சொன்னேன்.

9. எலும்பு, தங்கம், வெள்ளி

மனித எலும்பு தெரிந்தால் வேலை உடனே நிற்கும். போலீசுக்குத் தகவல் போகும். பழங்காலத்துப் புதைப்பு என்று உறுதியானால், அதை எடுக்க நீதித்துறை அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். விண்ணப்பத்தைத் தொல்லியல் நிறுவனமே போடும். பழைய தேவாலயத்துக்குப் பக்கத்து மனை என்றால், இதற்கு என்ன செய்வோம் என்பதை டபிள்யூ.எஸ்.ஐ.யிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தக் காலத்து இடுகாடு இன்றைய சுற்றுச்சுவரோடு நின்றிருக்க வேண்டியதில்லை.

300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள்கள் பெரும்பாலும் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வரும். வேறு சில வகைகளும் உண்டு. 14 நாளுக்குள் கொரோனர் (சந்தேக மரணங்களையும் புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதையும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். செய்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

புதையலில் சேராத மற்றதெல்லாம், அதாவது ஓடு, விலங்கு எலும்பு, சிப்பி, ஆணி, நில உரிமையாளரான உங்களுக்கே சொந்தம். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நீங்கள் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தயவுசெய்து போட்டுவிடுங்கள். நம் அலமாரியில் இருந்தால் அது ஒரு உடைந்த ஓடு. அங்கே எண்ணோடு, தாளோடு இருந்தால் அடுத்த தெருவில் தோண்டுபவர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

10. அறிக்கை, ஒப்புதல் கடிதம், ஆவணம்

வரைவு அறிக்கை வந்ததும் முகவரி, மனை எல்லை, அனுமதி எண் மூன்றையும் சரிபாருங்கள். அனுமதி எண்ணில் ஒரு இலக்கம் பிசகினாலும் கவுன்சில் திருப்பி அனுப்பிவிடும். ஆலோசகர் ஏற்றபின் இறுதி அறிக்கை ஹெர் பதிவேட்டுக்குப் போகும், ‘ஒயாசிஸ்’ என்ற இணையப் பதிவிலும் ஏறும். உங்கள் மனைக்கு முன் அடுத்தவர் தோண்டிய அறிக்கையை நீங்கள் படித்தது போல, இனி உங்களுடையதையும் யாராவது படிப்பார்கள்.

எல்லா ஆவணமும் அருங்காட்சியகம் போய்ச் சேரும்வரை நிபந்தனையை முழுதாக முடிக்காத கவுன்சில்களும் உண்டு, இடமில்லை என்று காத்திருக்கச் சொல்லும் அருங்காட்சியகங்களும் உண்டு. களவேலை முடிந்ததும் ‘பகுதி நிறைவேற்றம்’ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுமானத்தைத் தொடங்க அது போதும் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மீதிக்கு நிறுவனம் வேலை முடித்ததும் முழு நிறைவேற்றக் கடிதம் கேளுங்கள். நீங்கள் கேட்காமல் அது வராது. வந்ததும் டபிள்யூ.எஸ்.ஐ., அறிக்கை, இரண்டு கடிதங்கள், உரிமை மாற்றப் படிவத்தின் நகல் எல்லாவற்றையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் கேட்கும் காகிதங்களில் இவையும் இருக்கும்.